கோமதி ஏன் உதைத்தாள்?

கறக்கிற மாடு உதைத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "திமிர்" என்கிறோம். தூக்கிக் கொஞ்சுகிற பூனை பிறாண்டினால் "நன்றி கெட்டது" என்கிறோம். வீட்டு நாய் உறுமினால் "குணம் மாறிடுச்சு, கொண்டுபோய் விட்டுடுங்க" என்கிறோம். நானும் அப்படிச் சொன்னவள்தான். சொன்னதோடு நிற்காமல் கை நீட்டி அடித்தவளும்கூட. வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். படிக்கிற சகோதரிகளில் ஒருத்தியாவது அடிக்கப் போன கையை மடக்கிக்கொண்டால் எனக்கு அது போதும்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேர்தான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து விட்டோம். நாலாவது ஆள் என்று சொன்னால் அது கோமதிதான். எங்கள் கொட்டிலிலேயே பிறந்து வளர்ந்த ஜெர்ஸிக் கலப்புப் பசு. நெற்றியில் திருநீறு வைத்தாற்போல ஒரு வெள்ளைச் சுட்டி. என் மாமியார் காலையில் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் காப்பி குடிப்பார்.

2022 புரட்டாசியில் கோமதி மூன்றாவது ஈற்று ஈன்றாள். கிடாரிக் கன்று. காலையில் ஆறு லிட்டர், சாயங்காலம் நாலு லிட்டர் கறந்தாள். வீட்டுக்கு ஒரு லிட்டர் போக மீதியைச் சொஸைட்டிக்கு ஊற்றுவோம். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது அந்தப் பால் பணத்தில்தான். ஆகவே கோமதி எங்களுக்குச் செல்லம் மட்டும் இல்லை, சோறும் அவள்தான்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கொட்டில் தரை காயவே இல்லை. ஒரு நாள் விடியற்காலை கறவையின்போது "டமார்" என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வாளி ஒரு மூலையில், கறவைக்காரர் ஒரு மூலையில். மூன்று லிட்டர் பால் சேற்றோடு ஓடுகிறது.

"இத்தனை நாளா இல்லாத திமிரு இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று அவர் ஒரு குச்சியை எடுத்தார். நாங்கள் தடுக்கவில்லை. மறுநாளும் உதைத்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து பின்னங்கால் இரண்டையும் கயிற்றால் கட்டிக் கறந்தார்கள். பத்து லிட்டர் பால் ஏழாகி, ஆறாகிவிட்டது. "பாலை ஒளிச்சு வெச்சுக்குது அம்மா, பொல்லாத மாடு" என்றார் கறவைக்காரர். அவர் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கோமதி சாணம் போட்டுவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பாள். அதையும் திமிர்க் கணக்கில்தான் எழுதினோம்.

ஒரு சாயங்காலம் கறவைக்காரர் வரவில்லை. நானே சொம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று காம்பு வரைக்கும் சும்மா நின்றாள். நாலாவதைத் தொட்டதும் காலைத் தூக்கினாள். என் முழங்கையில் பட்டுச் சொம்பு உருண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தும்புக் கயிற்றை மடித்து ரெண்டு வைத்தேன். ஒன்று முதுகில் விழுந்தது. இன்னொன்று முகத்தில் விழுந்துவிட்டது. அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் தவிட்டுக் கூடையோடு போனாலும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஒரு எட்டு விலகினாள். பிறந்த அன்றைக்கு இந்தக் கையால்தான் அவள் மூக்குச் சளியைத் துடைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தரகர் ஒருவர் வந்து பார்த்து, நல்ல விலையில் பாதிகூட இல்லாத ஒரு தொகையைச் சொல்லி, ஆயிரம் ரூபாய் அச்சாரமும் கொடுத்துவிட்டார். புதன்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அந்த ஆள் வாங்குகிற மாடுகள் எந்த வீட்டுக் கொட்டிலுக்கும் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருக்கோடி அரசமரத்தடியில் கோமாரித் தடுப்பூசி முகாம். "விக்கிற மாட்டுக்கு எதுக்கு ஊசி?" என்றார் இவர். மாமியார் படுக்கையில் இருந்தபடியே, "போற இடத்திலயாவது நோய் நொடி இல்லாம இருக்கட்டுமேடா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது. யாரிடமும் சொல்லாமல் கோமதியை அவிழ்த்துக்கொண்டு போனேன்.

மரத்தடியில் ஒரே கூட்டம். கோமதி ஆட்களைப் பார்த்ததும் மிரண்டு நின்றுவிட்டாள். ஒருவர் கயிற்றை இழுக்க, ஒருவர் வாலை முறுக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தட்ட, அவள் கண் வெள்ளை தெரியத் துள்ளினாள். "நிறுத்துங்க! எல்லாரும் விடுங்க" என்று ஒரு குரல். பார்த்தால் டாக்டர். முப்பது வயசுகூட இராத ஒரு பெண். மாட்டு டாக்டராகப் பெண்ணை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே வந்துவிட்டது. 1989-ல் அது கால்நடைப் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது. இப்போது பெண் பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் படிப்புக்குப் போகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அம்மா, கயித்தை லூஸா பிடிச்சுக்கிட்டு நிழல்ல நில்லுங்க. கன்னு இருக்கா? அதையும் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. பத்தடி தூரத்தில் நின்று கோமதியைப் பார்த்தார், அவ்வளவுதான். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவள் விலா ஏறி இறங்குவதை எண்ணினார். எனக்கோ, ஊசி போட்டு அனுப்பாமல் இந்தப் பெண் என்ன வேடிக்கை பார்க்கிறது என்று இருந்தது.

கன்று வந்தது. கோமதி அதை நக்க ஆரம்பித்தாள். மூச்சுச் சீரானது. அப்போதுதான் டாக்டரம்மா மெதுவாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் வந்து முன் தோளில் கையை வைத்தார்.

"மாட்டுக்குக் கண் ரெண்டு பக்கமும் இருக்கிறதால ஏறக்குறைய சுத்திலும் தெரியும்மா. நேர் பின்னால மட்டும் தெரியாது. அங்கேருந்து யாராவது தொட்டா, எது தொடுதுன்னு தெரியாம உதைக்கும். பயந்த மாட்டைப் பரிசோதனை பண்ணினா மூச்சு, நாடி, சூடு எல்லாமே கூடக் காட்டும். அதுல நோய் எது, பயம் எதுன்னு எனக்கே தெரியாது. அதான் முதல்ல தூரத்திலேருந்து பாக்குறது" என்றார்.

தெர்மாமீட்டர் வைத்தார். மாட்டின் உடம்புச் சூடு சாதாரணமாக 101 அல்லது 102 டிகிரி இருக்குமாம். கோமதிக்கு 103. இடது பக்க வயிற்றுக் குழியில் முஷ்டியை வைத்து அழுத்தினார். ஆரோக்கியமான மாட்டுக்கு அந்த இடம் இரண்டு நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை எழும்பித் தணியுமாம். கோமதிக்கு மெதுவாக இருந்தது. பிறகு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"தீனியை மிச்சம் வைக்கிறாளா? அசை போடுறது குறைஞ்சிருக்கா? படுக்கிறப்போ எந்தப் பக்கமாப் படுக்கிறா? உதைக்கிறது எந்தக் கால்? எல்லாக் காம்பைத் தொட்டாலும் உதைக்கிறாளா, ஒண்ணை மட்டுமா? எப்போதிலேருந்து?"

ஆச்சரியம் என்னவென்றால், எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. வலது பின்னங்கால்தான் தூக்குவாள். அந்தப் பக்கத்துப் பின் காம்பைத் தொட்டால் மட்டும்தான். பத்து நாளாக வலது பக்கம் சாய்ந்து படுப்பதில்லை. படுத்தாலும் உடனே எழுந்துவிடுகிறாள். ராத்திரி நான் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் அசை போடுகிற சத்தம் கேட்கும், இப்போது கேட்பதில்லை. இதெல்லாம் என் கண்ணிலும் காதிலும் பட்டவைதான். ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. "திமிர்" என்கிற ஒரு வார்த்தை கிடைத்ததும் அதற்கு மேல் யோசிக்க வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது.

டாக்டரம்மா நாலு சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தார். நாலு காம்பிலிருந்தும் தனித்தனியாகக் கொஞ்சம் பால் பீய்ச்சினார். நாலாவது காம்பைக் கடைசியில் தொட்டார்; தொடும் முன்னால் அவளைத் தட்டிக் கொடுத்துச் சொல்லிவிட்டுத் தொட்டார். ஒவ்வொரு குழியிலும் சோப்புக் கரைசல் மாதிரி ஒன்றை ஊற்றித் தட்டைச் சுழற்றினார். மூன்று குழியில் பால் பாலாகவே இருந்தது. நாலாவதில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கெட்டியாகத் திரண்டது.

"மடிநோய்ம்மா. உள்ளே கிருமி புகுந்தா அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் குமியும். அது நிறைய இருந்தா இப்படித் திரளும். வெளியே வீக்கம் பெரிசாத் தெரியல. ஆனா தொட்டுப் பாருங்க" என்று என் கையைப் பிடித்து வைத்தார். மேலே மெத்தென்று இருந்த மடிக்குள் அந்த ஒரு பாகம் மட்டும் சூடாக, வேகாத வாழைக்காய் மாதிரி கெட்டியாக இருந்தது.

"இவ உதைக்கல அம்மா. வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. பத்து நாளா தினம் ரெண்டு வேளை சொல்லியிருக்கா."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கயிற்றால் அடித்ததைச் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "என்கிட்ட வர்ற மாட்டுல எத்தனையோ, குணம் கெட்டுப் போச்சுன்னு சொல்லித்தான் வருது. நீங்க நாளைக்கு வித்திருந்தா கெட்ட பேரோட போயிருக்கும். இன்னைக்கே வந்தீங்களே" என்றார்.

பால் ஏன் குறைந்தது என்பதற்கும் விளக்கம் சொன்னார். மடியில் ஊறிய பால் காம்புக்கு இறங்க மூளையிலிருந்து ஒரு சுரப்பு வரவேண்டுமாம். கன்று முட்டினாலோ, மடியைக் கழுவித் தடவினாலோ அது சுரக்கும். ஐந்தாறு நிமிஷம்தான் வேலை செய்யும். மாடு பயந்தால் அட்ரினலின் என்ற இன்னொரு சுரப்பு வந்து அதைத் தடுத்துவிடும். கோமதி பாலை ஒளித்து வைக்கவில்லை. குச்சியைப் பார்த்ததும் பால் இறங்க வழியில்லாமல் போயிருக்கிறது. "பிள்ளை பெத்தவங்களுக்கும் இதே கதைதான்" என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வார்த்தை பின்னால் எனக்கு எப்படி உதவியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்றைக்குத் தடுப்பூசி வேண்டாம், உடம்பு தேறிய பிறகு போடலாம் என்று சொல்லிவிட்டார். ஐந்து நாள் மருந்து நடந்தது. கூடவே மடிக்குப் பூசவும் ஒன்று சொன்னார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்தால் சிவப்பாக ஒரு விழுது வரும். அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிப் பால் முழுக்கப் பீய்ச்சி எடுத்த பிறகு பூசவேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை பூசச் சொன்னார். டாக்டர் பார்க்காமல் இதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். மருந்து நடக்கிற நாளிலும், முடிந்து டாக்டர் சொல்லும் நாள் வரையிலும் அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சொஸைட்டிக்கும் ஊற்றக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய் அச்சாரப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். தரகர் மேலே ஐந்நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டாராம். மாமியார் எழுந்து வந்து, "ஒரு வாய் சோறு போடும்மா" என்றார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வலி போன பிறகும் கோமதி உதைத்தாள்! நான் பதறிப் போய் போன் செய்தேன். "வலி ஒரு வாரத்துல போயிடும்மா. பயம் போறதுக்கு நாளாகும். அவளுக்கு வாளின்னாலே அடின்னு பதிஞ்சிருக்கு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் அழிக்கணும்" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னபடி கறவையை நானே எடுத்துக்கொண்டேன். குச்சியும் இல்லை, கால் கயிறும் இல்லை. முதல் சில நாள் வாளி இல்லாமல் சும்மா போய் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்து கொடுத்துவிட்டு வருவேன். பிறகு மடியை வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பேன், அவ்வளவுதான். பிறகு ஒரு கை பிண்ணாக்கை வைத்துவிட்டு நல்ல காம்புகளில் மட்டும் கறப்பது. நாலாவது காம்பு கடைசியில். தொடும் முன் "தொடப் போறேண்டி" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். அவள் காலைத் தூக்கினால் கையை எடுத்துவிட்டு, தணிந்த பிறகு மறுபடியும் தொடுவேன். தை பிறந்த பிறகுதான் சும்மா நின்றாள். என் கையைக் கண்டு காதை மடக்காமல் இருக்க அதற்கும் மேல் பதினைந்து நாள் ஆயிற்று.

அந்த நாலாவது காம்பு பழைய மாதிரி ஆகவில்லை. அதில் கால் லிட்டர்தான் வருகிறது. முதல் நாளே காட்டியிருந்தால் முழுசும் காப்பாற்றியிருக்கலாமாம். எங்கள் அவசரப் புத்திக்கு அபராதம் என்று வைத்துக்கொண்டோம். இப்போது கொட்டில் தரையைக் காய வைக்காமல் விடுவதில்லை. கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவித் துடைக்கிறேன். முதல் இரண்டு பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துத் திரி திரியாக ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறேன். கறந்ததும் தீனி வைக்கிறேன். கறந்தவுடனே காம்பின் துவாரம் திறந்திருக்குமாம். அரைமணி நேரமாவது படுக்காமல் நிற்க வைத்தால் சேற்றுக் கிருமி உள்ளே புகாது.

டாக்டரம்மா எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போவார். அப்போது அவர் சொன்ன சில விஷயங்கள் என் மனசில் நிற்கின்றன. 1988-ல் பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினாராம். காய்ச்சல் கண்ட பிராணி தீனியை விட்டு, ஒதுங்கி, சுருண்டு படுப்பது சோம்பல் அல்ல. நோயோடு போராட உடம்பு தன் பலத்தைச் சேமிக்கும் வழி என்று அதில் விளக்கியிருக்கிறார். 2015-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் மாட்டின் காது, தலை, முதுகு, முகம் இவற்றைப் பார்த்தே வலி எவ்வளவு என்று மதிப்பிட ஓர் அளவுகோல் தயார் செய்திருக்கிறார்கள். காது தாழ்வது, தலை தொங்குவது, முதுகு வில்லாக வளைவது எல்லாம் அதில் கணக்காம்.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க அம்மாள் கதையையும் சொன்னார். 1947-ல் பிறந்தவர். ஆட்டிஸம் உள்ள குழந்தை. பேச்சு வரவே தாமதம் ஆயிற்றாம். அந்தக் குழந்தைதான் பிற்பாடு கால்நடைகளைப் பற்றிப் பேராசிரியராக ஆனது. மாடுகள் போகிற குறுகிய பாதையில் தாமே இறங்கிப் பார்த்து, எதைக் கண்டு மிரள்கின்றன என்று கண்டுபிடித்தார். தரையில் விழுகிற நிழல், தொங்குகிற சங்கிலி, வேலியில் போட்ட ஒரு சட்டை, இவைதான் காரணம்! நாம் அடித்து ஓட்டுகிற இடத்தில் அந்தச் சட்டையை எடுத்தாலே மாடு நடக்கும். பேச்சுத் தாமதமான ஒரு குழந்தைக்குப் பேசாத ஜீவனின் கஷ்டம் புரிந்திருக்கிறது பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். இதைத் தாய்மார்கள் மறக்கக் கூடாது. சாதுவான நாய் திடீரென்று கண்டதையெல்லாம் கடித்தாலோ, எப்போதும் குலைக்கிற நாய் இருட்டு மூலையில் போய் ஒளிந்தாலோ வெறிநோயாக இருக்கலாம். மாட்டுக்கும் அது வரும். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்திக்கொண்டே இருக்கும். தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. விலகி நின்று டாக்டரைக் கூப்பிட வேண்டும். கடியோ, பிறாண்டலோ, காயத்தில் எச்சிலோ பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகள் பயந்துகொண்டு சொல்லாமல் இருந்துவிடுவார்கள். "கடிச்சா அடிக்க மாட்டேன், வந்து சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எதிர் வீட்டுக் கடுவன் பூனை போன வருஷம் அரிசி முறத்தில், வாசல் கோலத்தில் எல்லாம் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியது. "அசிங்கம் பண்ணுது" என்று அந்த வீட்டு அக்கா துடைப்பத்தை எடுத்தார். நான் தடுத்து, "அக்கா, ஒண்ணுக்குப் போகுதா, இல்ல சும்மா முக்குதா?" என்று கேட்டேன். பார்த்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூத்திரம் அடைத்துக்கொண்டதாம். ஆண் பூனைக்கு இது வந்து ஓரிரு நாள் கவனிக்காமல் விட்டால் பிழைக்காதாம். இப்போது அது மறுபடியும் முறத்தில்தான் தூங்குகிறது.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது என் மகள் விஷயம். 2023 ஆவணியில் அவளுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், குழந்தை வீறிட்டு அழுகிறது. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புட்டிப்பால் குடும்மா, எனக்கு முடியல" என்கிறாள். பார்க்க வந்திருந்த உறவுக்காரம்மா ஒருத்தர், "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பால் கொடுக்கவே மனசில்லை. அழகு போயிடும்னு பயம்" என்றார். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற குழந்தை அழும்போது இது என்ன பிடிவாதம் என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். கோமதி திரும்பிப் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. வந்திருந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எந்தப் பக்கம்டி வலிக்குது? எப்போதிலேருந்து?"

அவ்வளவுதான். பொலபொலவென்று அழுதுவிட்டாள். இடது மார்பு சிவந்து, கல்லாகக் கட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் அனலாக அடிக்கிறது. காய்ச்சல் 102. இரண்டு நாளாகவே வலியாம். வீட்டில் எல்லாரும் எதிரே இருந்ததால் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். உடனே ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனோம். பால் கட்டிக் கிருமி சேர்ந்துவிட்டது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாடு விஷயத்தில் மருந்து நடக்கும்போது பாலைக் கொட்டினோம் அல்லவா, இங்கே நேர்மாறு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, இந்த மாத்திரை குழந்தையை ஒன்றும் செய்யாது, பால் தேங்காமல் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று லேடி டாக்டர் சொன்னார். கூட்டம் இல்லாத அறையில், யாரும் அவசரப்படுத்தாமல் கொடுக்கச் சொன்னார். நாலு நாளில் சரியாகிவிட்டது.

அந்த வாரம் ஒரு ராத்திரி மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "நீ திட்டப் போறேன்னு நினைச்சேன்மா" என்றாள்.

"திட்டத்தான் வந்தேன்" என்றேன்.

பேத்திக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. லீவுக்கு வந்தால் காலையில் பாட்டிக்கு முன்னால் அவள்தான் கொட்டிலுக்கு ஓடுகிறாள். பின்பக்கமாகப் போகக் கூடாது, கோமதி கண்ணில் படுகிற மாதிரி பக்கத்தில் போய், பேசிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "கோம்தி, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறாள். கோமதி அவள் கையை நக்கிவிட்டு, அசை போடுவதைத் தொடர்கிறாள்.